பனிப்பாதைக்கு ஒரு வாளித் தண்ணீர்

பனியில் வாகனம் ஓட்ட நான் பயிற்சி எடுத்த இடம், திருகோணமலை மீன்பிடித் துறைமுகத்தில் இருக்கும் ஐஸ் தொழிற்சாலை. யாரும் சிரிக்க வேண்டாம். வெயிலும் கடலும் உப்புக்காற்றும் உள்ள ஊரில் ஒரு மனிதன் பனியைப் பற்றி விசாரிக்க வேறு எங்கேதான் போவான்?

விசாரிக்கவேண்டிய தேவை என் தங்கை சாந்தியால் வந்தது. அவள் சுவிஸுக்குப் போய் முப்பது வருடமாகிறது. அவளுடைய கணவர் குமார், என் மச்சான், ஒவ்வொரு குளிர்காலத்திலும் அவளையும் மகள் ஆரணியையும் காரில் ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குள் நாலு நாள் சுற்றுவார். மூன்று ஊர், மூன்று சறுக்குமலை. சறுக்குவது ஆரணி மட்டும்தான். மச்சான் ஒருநாளும் அந்தப் பலகைகளைக் காலில் மாட்டியதில்லை. அவருக்கு விருப்பம் ஓட்டுவதில். மகள் மலையிலிருந்து இறங்கி வரும்வரை காருக்குள் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் நோய் வந்து அவர் போய்விட்டார். அதன்பின் இரண்டு குளிர்காலம் அந்தக் கார் மலைப்பக்கம் போகவில்லை. சாந்தியிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. வேலைக்கும் கடைக்கும் சமதரையில் ஓட்டிப் போவாள். மலையில் மாத்திரம் ஏறமாட்டாள். ஐப்பசி மாதம் ஒருநாள் தொலைபேசியில் சொன்னாள்.

"அண்ணா, இந்த முறையும் போகாட்டில் காரை வித்துப்போடுவன். அது சும்மா நிக்கிறதைப் பாக்க ஏலாமக் கிடக்கு. நீங்கள் வந்து ஓடுவீங்களோ?"

நான் இருபத்தாறு வருடமாக வாடகை வான் ஓட்டுகிறவன். வானில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பதை, கேட்காதவர்களுக்கும் சொல்லித் திரிகிறவன். "இதென்ன பெரிய வேலையே? நான் வந்து ஓடுறன்," என்றேன். சொன்னபிறகுதான் எனக்கு வியர்த்தது.

எங்கள் பக்கம் மார்கழியும் தையும் மழைக்காலம். நிலாவெளியில் ஹோட்டல்கள் பாதி பூட்டிக் கிடக்கும். என் வானும் அன்புவழிபுரத்து வீட்டு முற்றத்தில் தறப்பாளின் கீழே நிற்கும். ஆகவே திட்டம் போட நேரம் தாராளமாக இருந்தது. சந்திக் கடையில் சுவிஸ் வரைபடத்தைத் துண்டுதுண்டாக அச்சடித்து, ஒட்டி, அலுமாரிக் கதவில் மாட்டினேன். மனைவி ராஜி அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் மலைத்தொடர் இரண்டாகப் பிளந்தது.

"இஞ்சருங்கோ, ஒரு சீலை எடுக்கிறதுக்கு நான் ஒரு நாட்டையெல்லோ திறக்கவேண்டிக் கிடக்கு," என்றாள்.

வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் தூரத்தை நம்புவதில்லை. எங்கே நல்ல தேத்தண்ணி கிடைக்கும், எங்கே பெண்கள் இறங்கிப்போக வசதி உண்டு, ஹபரணைப் பக்கம் யானை எந்த இடத்தில் கடக்கும் என்பதை வைத்துத்தான் நேரம் சொல்லுவோம். சுவிஸில் யானை கடக்காது. தேத்தண்ணிக் கடை எனக்குத் தெரியாது. வேறு வழியில்லாமல் தையல் நூலை எடுத்து வரைபடத்தின்மேல் வைத்து அளந்தேன். மூன்றாவது ஊருக்கு ஒரு அருமையான குறுக்குப் பாதை அகப்பட்டது. மலைக்கு மேலால் ஏறி மறுபக்கம் இறங்கும் பாதை. அன்று மாலையே வீடியோ அழைப்பில் நூலைப் பிடித்துக் காட்டினேன்.

"மாமா, அந்தப் பாதை இப்ப பூட்டு," என்றாள் ஆரணி. அவளுக்குப் பதினேழு வயது.

எனக்குத் திக்கென்றது. பாதை பூட்டு என்ற பேச்சை எங்கள் வயதுக்காரர் சாதாரணமாகக் கேட்பதில்லை. சண்டை நடந்த நாட்களில் அந்த இரண்டு சொல்லுக்காக வீட்டில் மண்ணெண்ணெய் வாங்கி வைத்த காலம் உண்டு, பிணத்தோடு சோதனைச்சாவடியில் காத்திருந்த காலமும் உண்டு.

"ஆர் பூட்டினது?" என்று கேட்டுவிட்டேன்.

"பனி, மாமா. வைகாசி வரைக்கும் திறக்காது."

"ஆமி இல்லையே?"

ஆரணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் நின்ற சாந்திக்கு விளங்கியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மச்சான் போனபிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். ஒரு பாதை பூட்டியிருப்பதற்கு யாருமே காரணமில்லை என்பது எனக்கு அன்று முழுவதும் அதிசயமாக இருந்தது. குளிர்காலத்திலும் திறந்திருக்கும் இன்னொரு மலைப்பாதையைத்தான் மச்சான் ஓட்டுவாராம். நூலை அதன்மேல் மாற்றி வைத்தேன்.

அடுத்த நாள்தான் ஐஸ் தொழிற்சாலைக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் பாறூக் நானா எனக்குப் பழக்கம். படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுப்பதில் தலை நரைத்த மனிதர். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. சீமெந்துத் தரையில் உடைத்த ஐஸை ஒரு வாரு வாரிப் பரப்பி, "எங்க, நட பாப்பம்," என்றார். மூன்றாவது அடியில் நான் குந்தியிருந்தேன்.

"காலை ஊண்டி நிப்பாட்டப் பாத்தாய், அதுதான் விழுந்தாய். ஐஸுக்கு அவசரம் பிடிக்காது தம்பி. பிரேக்கை அமத்தினா அது இன்னும் ஓடும்," என்றார். பிறகு ஒட்டிக்கொண்டு கிடந்த இரண்டு பெரிய கட்டிகளைக் காட்டினார். "இன்னொண்டு கேள். இதுக்கு மேல தண்ணி விடக்கூடாது. பிடிச்சிரும். பிறகு கம்பி போட்டுத்தான் கழட்டணும்."

என்னிடம் ஒரு சிறிய கொப்பி இருந்தது. "பிரேக் மெதுவாக" என்று எழுதிக்கொண்டேன். இரண்டாவதை எழுதவில்லை. நான் என்ன மீனா ஏற்றப்போகிறேன் என்று நினைத்தேன்.

பனிப்பாதையில் ஏறும்போது சில்லுக்குச் சங்கிலி பூட்டவேண்டுமாம். ஆரணி அதற்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். சல்லி என்ற மீனவக் கிராமத்தில் உள்ள என் நண்பன் ஒருவனிடம் நங்கூரச் சங்கிலியை இரவல் வாங்கி, வானின் சில்லில் பதினைந்து தடவை பூட்டிக் கழற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன வரதன், ஊரில கள்ளர் கூடிப்போச்சோ?" என்று கேட்டார்.

தை மாதம் போய் இறங்கினேன். விமான நிலைய வாசலில் முதல் மூச்சை இழுத்ததும் மூக்குக்குள் ஏதோ ஒடிந்ததுபோல இருந்தது. சாந்தி என்னைக் கட்டிப்பிடித்து, என் ஜக்கெற்றைத் தடவிப் பார்த்து, "இது மழைக்குப் போடுறது, அண்ணா," என்றாள். காரில் எனக்காக மச்சானின் தடித்த கோட்டு இருந்தது. போட்டுக்கொண்டேன். எனக்கு அளவாக இருந்தது. அவள் அதைப் பார்க்காததுபோல வேறு பக்கம் பார்த்தாள்.

மறுநாள் காலை புறப்பாடு. சாந்தி கார்த் திறப்பை என் கையில் வைத்தாள். அதில் கோணேசர் கோயிலடிக் கடையில் வாங்கிய, மரத்தாலான குட்டி மான் ஒன்று தொங்கியது. ஒரு கொம்பு உடைந்திருந்தது. வாங்கிக்கொண்டு, "வாளி எங்க பிள்ளை?" என்று கேட்டேன்.

வாளி எதற்கென்று சொல்லவேண்டும். இருபத்தாறு வருடத்தில் நான் வானைக் கழுவாமல் ஒரு பயணம் தொடங்கியதில்லை. எங்கள் ஊரில் எந்த வாடகைச் சாரதியும் அப்படித்தான். விடிய எழும்பி, ஒரு வாளி தண்ணீர் முதலில் முன்கண்ணாடிக்கு, பிறகு கதவுகளுக்கு, கடைசியாகச் சில்லுக்கு. பிறகு ஒரு பொட்டுச் சந்தனம், ஊதுபத்தி. அதற்குப் பிறகுதான் திறப்பு. மழையில் குளித்துக்கொண்டு நிற்கும் வானைக்கூட நான் கழுவியிருக்கிறேன். அது அழுக்குப் போக்குகிற வேலை மட்டுமல்ல. கையும் கண்ணும் வாகனத்தைச் சுற்றி ஒருதரம் போய்வந்தால்தான் மனம் ஆசனத்தில் இருக்கும்.

"இஞ்ச வீட்டு வாசலில கழுவ விடமாட்டினம் அண்ணா. நேற்றே கழுவுற இடத்தில கொடுத்துக் கழுவினனான்," என்றாள் சாந்தி.

வேறு யாரோ கழுவிய வாகனம். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மனம் ஒப்பவில்லை, ஆனாலும் புறப்பட்டோம்.

அன்றைய பாதை காய்ந்த நெடுஞ்சாலை. வலப்பக்கம் ஓட்டுவது அரைமணி நேரத்தில் பிடிபட்டது. பிடிபடாதது சிக்னல். எங்கள் வான்களில் சிக்னல் போடும் தண்டு வலக்கைப் பக்கம் இருக்கும். இந்தக் காரில் அந்த இடத்தில் இருந்தது கண்ணாடி துடைக்கும் தண்டு. ஆகவே நான் திரும்பும் ஒவ்வொரு தரமும், மழைத்துளி ஒன்றும் இல்லாத கண்ணாடியைத் துடைப்பான் கிறீச் கிறீச்சென்று தேய்த்தது.

"மாமா திரும்பப்போறார்," என்று பின்னாலிருந்து ஆரணி அறிவித்துக்கொண்டே வந்தாள்.

மத்தியானம் ஒரு தரிப்பிடத்தில் நிறுத்திக் காருக்குள்ளேயே சாப்பிட்டோம். ராஜி வறுத்துத் தந்த மாவில் சாந்தி அவித்த புட்டு, மீன்குழம்பு. மூடியைத் திறந்ததும் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து உலகம் மறைந்துபோனது. பக்கத்துக் காரில் இருந்த பெண்ணொருத்தி தன் கணவனிடம் ஏதோ சொன்னாள். ஆரணி மொழிபெயர்த்தாள்: "அந்தக் காருக்குள்ளே ஒரு குசினி இருக்கிறது, பாருங்கள்." கண்டி வீதி ஓரத்தில் வாழையிலையை விரித்தால் நாய்தான் எட்டிப் பார்க்கும். இங்கே மனிதர்கள் பார்க்கிறார்கள், நாய்கள் பார்க்காமல் போகின்றன.

முதல் ஊர் ஒரு பள்ளத்தாக்குக்குள் இருந்தது. இரண்டாம் நாள் ஆரணி மலையேறிவிட, சாந்தியும் நானும் அடிவாரத்தில் நின்று குழந்தைகளுக்குச் சறுக்குப் பழக்குவதை வேடிக்கை பார்த்தோம். நாலைந்து வயதுப் பிள்ளைகள், கோழிக்குஞ்சுகளைப்போல வரிசையாக நின்றன. பழக்குகிற ஆள் அவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது விழுவதற்கு. பக்கவாட்டில் சாய வேண்டும், கையை ஊன்றக்கூடாது, பிறகு இப்படி எழும்ப வேண்டும். அரைமணி நேரம் விழுந்து எழும்பினார்கள். எனக்கு ஓட்டப் பழக்கிய மனிதர், விழுகிற பேச்சை எடுத்தாலே பிடரியில் போடுவார்.

பிறகு அந்த ஆள் ஏதோ கேட்க, பாதிப் பிள்ளைகள் கையை உயர்த்தினார்கள்.

"ஆருக்குப் பயம் எண்டு கேக்கிறார்," என்றாள் சாந்தி.

கை உயர்த்தியவர்களை அவர் தட்டிக்கொடுத்துவிட்டு நகர்ந்தார். கை உயர்த்தாத ஒரு சிறுமியின் பக்கத்தில்தான் போய் நின்றார். அவள் இறங்கி முடியும்வரை அவளைவிட்டு அசையவே இல்லை. சாயங்காலம் இதை ஆரணியிடம் சொன்னேன்.

"பயமில்லை எண்டு சொல்லுற ஆக்களைத்தான் மாமா இவை கவனமாப் பாக்கிறவை," என்றாள். நான் கொப்பியை எடுக்கவில்லை. ஆனால் சொன்னது உள்ளே போய் இருந்துகொண்டது.

அன்று சாப்பாட்டுக்குப் போன இடத்தில் உருக்கிய பாற்கட்டியை ஒரு சட்டியில் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைத்தார்கள். பாண் துண்டுகளைக் குத்தித் தோய்த்துத் தின்னவேண்டும். நல்ல சாப்பாடுதான், ஆனால் நாக்கு எதையோ தேடியது. சாந்தி சுற்றிவரப் பார்த்துவிட்டுக் கைப்பையைத் திறந்து, கடதாசியில் சுற்றிய மூன்று பச்சைமிளகாயை எடுத்து வைத்தாள்.

"இவர் இஞ்ச வந்தால் இதைத்தான் கேப்பார். நான் கொண்டு வராத நாளில முகத்தைத் தூக்கி வைச்சிருப்பார்," என்றாள். ஒன்றை எனக்குத் தந்து, ஒன்றை ஆரணிக்குத் தந்து, மற்றதைத் தானே கடித்தாள். மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாயில் பழியைப் போட்டோம்.

மூன்றாம் நாள் இரண்டாவது ஊருக்கு நான் ஓட்டினேன். தூரம் குறைவு, மேடும் குறைவு. பாதையின் இரு புறமும் பனியை வழித்து ஆளுயரத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். வளைவுகளில் ஆட்களை ஏற்றும் மஞ்சள் தபால் பஸ் ஊதிக்கொண்டு வரும்போது மட்டும் எனக்கு ஊர்ப்பாசம் வந்தது. நானும் ஊதினேன். "அவங்கள்தான் மாமா ஊதலாம்," என்றாள் ஆரணி.

ஊருக்குள் நுழையும் சரிவில் எங்களுக்கு முன்னால் போன கார் ஒன்று மெல்லத் திரும்பியது. சாரதி ஒன்றும் செய்யவில்லை. கார் தானாக, சத்தமே இல்லாமல், குறுக்காகச் சறுக்கிப் போய்ப் பனிக்குவியலில் முட்டி நின்றது. அதிலிருந்தவர்கள் இறங்கிச் சிரித்தார்கள். காருக்கு ஒரு கீறலும் இல்லை. எங்கள் கார் நின்றபிறகும் நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. வாகனம் சத்தம் போட்டு மோதுவதை நான் கண்டிருக்கிறேன். சொல்வழி கேளாமல் அமைதியாகப் போவதை அன்றுதான் கண்டேன்.

நாளை ஏறவேண்டிய மச்சானின் மலைப்பாதை இந்தச் சரிவைவிடப் பத்து மடங்கு. விடுதியில் சாந்தி கேட்டாள்: "நாளைக்குச் சரிதானே அண்ணா?"

"ஓம், ஓம். நீ ஏன் யோசிக்கிறாய்?" என்றேன்.

நாலாம் நாள் விடிய ஆறரைக்கெல்லாம் எழும்பிவிட்டேன். வெளியே இன்னும் இருள், முற்றத்து விளக்கு மட்டும் எரிந்தது. பயம் விட்டபாடில்லை. அதற்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். விடுதிக் குசினிப் பக்கத்தில் ஒரு வாளி இருந்தது. குழாயில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வந்தது. மச்சானின் கோட்டைப் போட்டுக்கொண்டு போய், முன்கண்ணாடி, கதவுகள், சில்லு என்று முறைப்படி மூன்று வாளி ஊற்றிக் கழுவினேன். கை சுற்றிவரச் சுற்றிவர மனம் அடங்கியது. காரின் நெற்றியில் வைக்கச் சந்தனம் இல்லை, சாந்தியின் கைப்பையில் இருந்த திருநீற்றைப் பூசினேன். விளக்கு வெளிச்சத்தில் கார் கண்ணாடிப் பொம்மைபோலப் பளபளத்தது. இந்த நாட்டில் ஒரு வாகனமும் இவ்வளவு பளபளப்பதில்லையே என்று பெருமையோடு பார்த்தேன். பிறகு கதவைத் திறக்கப் போனேன்.

திறக்கவில்லை. மறுபக்கக் கதவும் திறக்கவில்லை. திருநீறு ஒரு கண்ணாடிக்குள் அகப்பட்டதுபோலத் தெரிந்தது. அப்போதுதான் பாறூக் நானா என் காதுக்குள் கதைத்தார்: தண்ணி விடக்கூடாது, பிடிச்சிரும்.

விடுதிக்காரி வெளியே வந்தாள். காரைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இரண்டு கையையும் தலையில் வைத்தாள். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பின்னர் அவள் சொன்னதை ஆரணி சிரிப்பை அடக்கமாட்டாமல் சொன்னாள்: "இத்தனை வருடமாக விடுதி நடத்துகிறேன். காரைப் பனிக்குவியலுக்குள் விட்டவனைக் கண்டிருக்கிறேன், எங்கே நிறுத்தினேன் என்று மறந்தவனையும் கண்டிருக்கிறேன். குளிப்பாட்டியவனை இன்றுதான் காண்கிறேன்."

ஆனாலும் நல்ல மனிசி. நீளமான வயர் இழுத்து, தலைமயிர் காயவைக்கும் கருவியைக் கொண்டுவந்து கதவிடுக்குகளுக்குப் பிடித்தாள். தங்கியிருந்த கிழவர் ஒருவர் கதவை இடுப்பால் உள்ளே தள்ளித் தள்ளி ஐஸை நொறுக்கினார். காருக்குக் கீழே என் மூன்று வாளித் தண்ணீரும் ஒரு பளிங்குத் தரையாகியிருந்தது. அதற்கு அவர்கள் உப்பைக் கொண்டுவந்து கை நிறைய அள்ளி வீசினார்கள். நிலாவெளி உப்பளத்தைக் கடந்து தினமும் போய்வருகிற எனக்கு, உப்பை நிலத்தில் எறிவதைப் பார்க்க மனம் கூசியது. நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கிற நிலையிலா இருந்தேன்?

ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு கதவு திறந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். சாந்தி பக்கத்தில் ஏறினாள், ஆரணி பின்னால் ஏறினாள். நான் சாரதி ஆசனத்தில் இருந்து திறப்பைப் போட்டேன். ஒற்றைக்கொம்பு மான் ஆடிக்கொண்டிருந்தது. காலைப் பிரேக்கில் வைத்தேன். கையால் முழங்காலைப் பிடித்தேன். திறப்பைத் திருப்பவில்லை.

"என்ன அண்ணா? குளிரோ?"

ஓம் குளிர் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சிறுமியின் ஞாபகம் வந்தது, கையை உயர்த்தாமல் நின்ற பிள்ளை. பின்னால் என் மருமகள் இருக்கிறாள், பக்கத்தில் என் தங்கை இருக்கிறாள். இருபத்தாறு வருடப் பெருமையை இவர்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டா காப்பாற்றப்போகிறேன்?

"எனக்கு ஏலாது பிள்ளை," என்றேன். "பயமாக் கிடக்கு. நேற்றைக்கே பயம். நான் உனக்குச் சொல்லேல்லை."

என் வாயிலிருந்து இந்தச் சொற்கள் எந்த வாகனத்துக்குள்ளும் அதற்கு முன் வந்ததில்லை. சாந்தி முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் பயம்தான்," என்றாள். "ஆனால் பாதைக்கில்லை. இந்தப் பாதை எனக்கு மனப்பாடம். அவருக்குப் பக்கத்தில இருந்து பதினாலு வருஷம் பாத்தனான். எந்த வளைவில கியர் மாத்துவார் எண்டுகூடத் தெரியும். நான் அந்த சீட்டில இருந்தால் அவர் இல்லையெண்டது முடிவாப்போயிடும், அண்ணா. அதுதான் உங்களைக் கூப்பிட்டனான்."

ஆரணிதான் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, காரை வித்தாலும் அது முடிவாப்போயிடும்தானே."

சாந்தி இறங்கினாள். உப்பு வீசிய தரையில் பார்த்துப் பார்த்து அடியெடுத்து, காரின் முன்பக்கத்தைச் சுற்றி வந்து என் கதவைத் திறந்தாள். "தள்ளியிருங்கோ," என்றாள்.

நான் பக்கத்து ஆசனத்துக்கு மாறினேன். ஏற்றம் தொடங்கும் இடத்தில் காரை நிறுத்தினாள். சங்கிலி பூட்டும் வேலை என்னுடையது. நங்கூரச் சங்கிலியில் பழகிய கைக்கு அது விளையாட்டு. ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, பக்கத்துக் காரில் இரண்டு உள்ளூர் வாலிபர்கள் சங்கிலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடையதையும் பூட்டிக்கொடுத்தேன். "எந்த மலை ஊர்?" என்று கேட்டார்களாம். ஆரணி, "துறைமுகம்," என்றாளாம்.

மேலே ஏறினோம். சாந்தி ஓட்டியது மச்சான் ஓட்டியதுபோல இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவசரமில்லாமல் ஓட்டினாள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே வேகத்தைக் குறைத்தாள், வளைவுக்குள் பிரேக்கைத் தொடவில்லை. பாறூக் நானா பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார். நான் இல்லாத பிரேக்கை வலக்காலால் மிதித்து மிதித்து, கால் விரிப்பையே சுருட்டிவிட்டேன். மூன்று தரம் "மெல்ல" என்றேன்.

"மாமா, நீங்கள் வெளியால பாருங்கோ. வடிவா இருக்கு," என்றாள் ஆரணி.

பார்த்தேன். உண்மையிலேயே வடிவாக இருந்தது. வெள்ளைக்கும் இத்தனை நிறம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. உச்சியில் ஒரு தரிப்பிடம் தெரிந்தது. இரண்டு மூன்று கார்கள் நின்றன.

"அப்பா நிப்பாட்டுற இடம்," என்றாள் ஆரணி.

சாந்தி அந்தப் பக்கம் திரும்பவில்லை. வேகமும் குறையவில்லை. "நிப்பாட்டினால் நான் திரும்ப எடுக்கமாட்டன்," என்றாள். ஸ்டியரிங்கைப் பிடித்த கை ஆடவில்லை. தரிப்பிடம் பின்னால் போனது. ஆரணி திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இறக்கம் தொடங்கியது.

கீழே, மூன்றாவது ஊரில் காரை நிறுத்தியபிறகு சாந்தி வெகுநேரம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. நானும் ஆரணியும் இறங்காமல் இருந்தோம். அவள் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்து, "பசிக்குது," என்றாள். குளிரில் பழுதாகாமல் கிடந்த மிச்சப் புட்டை எடுத்தோம்.

திரும்பிவரும் வழியை அவளே ஓட்டினாள். நான் ஊருக்குப் புறப்பட்ட காலையில், அவளுடைய கராஜில், ஒரு கோப்பையில் தண்ணீர் எடுத்துவந்து விரலை நனைத்து முன்சில்லில் நாலு துளி தெளித்தாள். "இஞ்ச இவ்வளவு தண்ணி காணும், அண்ணா," என்றாள். நான் கும்பிட்டுக்கொண்டேன்.

ஊரில் வந்து இறங்கியபோது மழை விடவில்லை. வரைபடத்தை ராஜி ஏற்கெனவே கழற்றி மடித்து வைத்திருந்தாள். ஐஸ் தொழிற்சாலைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாறூக் நானா இம்முறை சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, மற்ற வேலையாட்களையும் கூப்பிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. பயந்துபோனேன் என்ற இடத்தைக்கூட ஒளிக்காமல் சொன்னேன்.

மாசி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மறுநாள் வாடகைக்கு வாளியும் துணியுமாக வானைக் கழுவிக்கொண்டிருந்தேன். தொலைபேசி ஒலித்தது. சாந்தி குரல்செய்தி அனுப்பியிருந்தாள். ஈரக்கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுக் கேட்டேன். பின்னால் காற்று இரைந்தது, தூரத்தில் ஆரணி யாரையோ கூப்பிட்டாள்.

"அண்ணா, நானும் பிள்ளையும் இண்டைக்குத் திரும்பவும் மலைக்கு வந்தனாங்கள். மேல, அவர் நிப்பாட்டுற இடத்தில நிப்பாட்டினனான். தேத்தண்ணி குடிச்சனாங்கள். பிறகு காரை எடுத்தனான்."